மூத்த பிள்ளைக்கு ஒரு பெயர், இந்தப் பிள்ளைக்கு ஒரு பெயர்: வானவில் குழந்தைக்குப் பெயர் தேடுவோருக்கு

கருச்சிதைவிலோ, பிரசவத்திலோ, பிறந்த சில நாட்களிலோ ஒரு குழந்தையைப் பறிகொடுத்த பெற்றோருக்கு அதன்பின் பிறக்கும் குழந்தையை வானவில் குழந்தை என்று அழைக்கும் வழக்கம் அண்மைக் காலத்தில் பரவியிருக்கிறது. பெருமழை ஓய்ந்தபின் தோன்றுவது என்ற எண்ணத்தில் பிறந்த அழகான சொல் அது. ஆனால் பெயர் வைக்க உட்காரும்போது அந்த அழகே நம்மைத் தடுமாற வைக்கிறது. மழையை நினைத்துக்கொண்டே வானவில்லுக்குப் பெயர் தேடத் தொடங்கிவிடுகிறோம்.

நாங்களும் அப்படித்தான் தொடங்கினோம். முதல் மகளை 31-ஆவது வாரத்தில் இழந்த எங்களுக்கு, இரண்டாண்டு கழித்து மகன் பிறக்கவிருந்த நேரம் அது. பெயர்ப்பட்டியல் எழுதலாம் என்று நான் எடுத்த நோட்டுப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அவளுக்காக எழுதியிருந்த ஏழு பெயர்கள் அப்படியே இருந்தன. நான்காவது பெயரைச் சுற்றிப் பென்சிலால் வட்டம் போட்டிருந்தது. அந்தப் பக்கத்தைக் கிழிக்கவும் மனமில்லை, புரட்டிவிட்டு அடுத்த பக்கத்தில் எழுதவும் கை வரவில்லை.

இந்த நிலையில் இருப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். வானவில் குழந்தைக்குப் பொருந்தாத பெயர் அமைந்துவிடுவதற்குப் பெற்றோரின் ரசனையைக் குறை சொல்ல முடியாது. மறைந்த குழந்தைக்கென்று தனியாக ஓர் இடத்தை ஒதுக்காமல், அந்த நினைவைச் சுமக்கும் வேலையையும் பிறக்கப்போகும் குழந்தையின் பெயரிடமே ஒப்படைத்துவிடுவதுதான் பெரும்பாலான தவறுகளுக்கு மூலம். ஆகவே கீழே சொல்லும் வரிசையை மாற்றாமல் பின்பற்றுவது நல்லது.

பட்டியலுக்கு முன்: மூத்த குழந்தையின் பெயர்

புதிய பெயரைத் தேடுவதற்கு முன் பழைய பெயரை ஒரு முடிவுக்குக் கொண்டுவாருங்கள். இழந்த குழந்தைக்கு ஏற்கெனவே பெயர் வைத்திருந்தால், அது அந்தக் குழந்தைக்கு மட்டுமே உரியதா, இல்லையா என்பதை இருவரும் வாய்விட்டுப் பேசி முடிவு செய்யுங்கள். இதை ஒருவர் மனத்துக்குள் முடிவு செய்துவிட்டு, மற்றவருக்கும் அதுவே சம்மதம் என்று நினைத்துக்கொள்வதுதான் வழக்கமாக நடப்பது. பிறகு பிரசவ அறையில்தான் இருவருடைய முடிவும் வேறு வேறு என்று தெரியவரும்.

பெயரே வைக்காமல் போயிருந்தால் இப்போது வைக்கலாம். கரு கலைந்தது எட்டாவது வாரமாக இருந்தாலும் சரி, ஆணா பெண்ணா என்றே தெரியாவிட்டாலும் சரி, அதற்குத் தடை எதுவும் இல்லை. எழில், முகில், கதிர், இசை போன்ற, இரு பாலுக்கும் பொதுவான பெயர்கள் தமிழில் நிறையவே உள்ளன. வயிற்றில் இருந்தபோது சிட்டு என்றோ பொட்டு என்றோ கூப்பிட்டிருந்தால் அதையே பெயராக நிலைக்க விடலாம். பெயர் வைக்க விருப்பமில்லாதவர்கள் வைக்க வேண்டியதில்லை. அதுவும் ஒரு முடிவுதான். ஆனால் அது எடுக்கப்பட்ட முடிவாக இருக்க வேண்டும். பேசப் பயந்து தள்ளிப்போட்டதாக இருக்கக் கூடாது.

முடிவான பெயரை ஓரிடத்தில் எழுதி வையுங்கள். ஸ்கேன் படம் வைத்திருக்கும் கோப்பின் உட்பக்கம், ஒரு புகைப்படத்தின் பின்புறம், நாட்குறிப்பின் ஒரு பக்கம் என எதுவாகவும் இருக்கலாம். எழுத்தில் ஓர் இடம் கிடைத்துவிட்ட பெயர், புதிய பட்டியலுக்குள் அடிக்கடி வந்து எட்டிப் பார்ப்பதில்லை என்பது எங்கள் அனுபவம். அந்த நோட்டுப் புத்தகத்தை அலமாரியில் வைத்துவிட்டு மகனுக்கு வேறொரு நோட்டு வாங்கினோம். அற்பமான செயல்தான் என்றாலும், அன்று இரவே பட்டியல் எழுத முடிந்தது.

அதே பெயரை வைக்கலாமா?

எல்லாரும் முதலில் கேட்கும் கேள்வி இதுதான். இதற்கு நீண்ட வரலாறு இருக்கிறது. விவிலியத்தின் தொடக்க நூலில், ஆபேல் கொலையுண்டபின் பிறந்த மகனுக்குச் சேத் என்று பெயரிடும் ஏவாள், ஆபேலுக்குப் பதிலாகக் கடவுள் தந்த பிள்ளை இவன் என்கிறாள். பச்சிளங்குழந்தைகளின் இறப்பு மலிந்திருந்த காலத்தில், இறந்த குழந்தையின் பெயரையே அடுத்த குழந்தைக்கு வைப்பது ஐரோப்பாவில் சாதாரணமாக நடந்தது. இசைமேதை பேத்தோவன் 1770-இல் பிறப்பதற்கு முன், 1769-இல் பிறந்து ஆறே நாளில் இறந்த அண்ணனுக்கும் லுட்விக் என்றே பெயர்.

ஓவியர் வின்சென்ட் வான் கோவின் கதை இன்னும் நெருடலானது. 1852 மார்ச் 30 அன்று அவருடைய பெற்றோருக்கு இறந்தே பிறந்த ஆண் குழந்தையின் பெயர் வின்சென்ட் வில்லெம். சரியாக ஓராண்டு கழித்து 1853 மார்ச் 30 அன்று பிறந்த ஓவியருக்கும் அதே பெயரை வைத்தார்கள். தந்தை ஊழியம் செய்த தேவாலயத்தின் வளாகத்திலேயே அண்ணனின் கல்லறை இருந்ததால், தன் பெயரே பொறித்த கல்லை அந்தச் சிறுவன் பார்த்து வளர்ந்தான். அவர் வாழ்வின் துயரங்களுக்கெல்லாம் இந்தப் பெயரைக் காரணமாக்குவது மிகை. ஆனாலும் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த வயதில் ஒரு குழந்தை அந்தக் கல்லின் முன் நிற்பதைக் கற்பனை செய்துபார்த்தால், பெயர் வைப்பவர்கள் யோசிக்க வேண்டியது என்ன என்பது விளங்கும்.

சால்வடோர் டாலி இதை வெளிப்படையாகவே பேசியவர். அவருடைய அண்ணன் சால்வடோர் 1903 ஆகஸ்டில் இறந்தான். இவர் 1904 மே 11 அன்று பிறந்தார். ஐந்து வயதில் அண்ணனின் கல்லறைக்கு அழைத்துச் சென்று, அவனே நீயாகப் பிறந்திருக்கிறாய் என்று பெற்றோர் சொன்னதாக டாலி நினைவுகூர்ந்திருக்கிறார். ஏறக்குறைய அறுபது வயதில், 1963-இல், இறந்துபோன அந்த அண்ணனை ஓவியமாகத் தீட்டினார். அதற்கு அடுத்த ஆண்டு, 1964-இல், ஆல்பர்ட் கெய்ன், பார்பரா கெய்ன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள், இறந்த பிள்ளையின் இடத்தை நிரப்புவதற்காகவே பெறப்பட்ட குழந்தைகளின் மனச்சுமையைப் பற்றி எழுதிய கட்டுரைக்குப் பிறகுதான் 'பதிலிக் குழந்தை' என்ற கருத்து உளவியலில் வேரூன்றியது.

இதனால் அதே பெயரை எந்நாளும் வைக்கவே கூடாது என்று சட்டம் போட நான் விரும்பவில்லை. ஒரு வேறுபாட்டைக் கவனித்தால் போதும். ஒரு பெயர் உங்கள் இருவருக்கும் வெகுநாளாகப் பிடித்திருந்து, யாருக்கும் வைக்கப்படாமல், எங்கும் எழுதப்படாமல், பேச்சில் மட்டுமே இருந்திருக்கலாம். அது இன்னும் யாருக்கும் சொந்தமாகவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொல்லி ஒரு குழந்தையை வழியனுப்பியிருந்தால், ஒரு சான்றிதழிலோ கல்லிலோ அது ஏறியிருந்தால், அதற்கு உரிமையாளர் வந்துவிட்டார். சந்தேகம் இருந்தால், தனிமையில் அந்தப் பெயரை ஒருமுறை உரக்கச் சொல்லிப்பாருங்கள். உடனே மனக்கண்ணில் வருவது யாரென்பதே விடை.

இடைவழிகளும் உண்டு. மூத்த குழந்தையின் பெயரை இளையதன் இரண்டாம் பெயராகச் சேர்க்கலாம். பெயரின் முதலெழுத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். அதே பொருள் தரும் வேறொரு சொல்லைத் தேடலாம். ஓசையில் மிக நெருங்கிய பெயரை மட்டும் தவிர்த்துவிடுங்கள். ஒரு பிள்ளையைக் கூப்பிட நினைத்து இன்னொரு பிள்ளையின் பெயர் வாயில் வந்துவிடுவது எல்லா வீட்டிலும் நடக்கிறது. ஓசை ஒத்த பெயர்களில் அது இன்னும் எளிதாக நடக்கும். மற்ற வீடுகளில் சிரித்துவிட்டுப் போகிற அந்தச் சறுக்கல், உங்கள் வீட்டில் ஒரு நாள் முழுவதையும் குலைத்துவிடும்.

பொருளைப் பார்க்கும்போது

இரண்டாவது பெரிய தவறு, பெயரின் பொருளுக்குள் முழுக் கதையையும் அடைத்துவிடுவது. அதிசயம், ஆறுதல், வரம், மீண்டும் வந்தவள் என்றெல்லாம் பொருள்படும் பெயர்கள் அந்த நேரத்தில் நெஞ்சைத் தொடும். ஆனால் பெயரைச் சுமப்பவர் அந்தக் கதையில் ஒரு வரியாக மட்டுமே வாழப்போவதில்லை. எட்டு வயதில் வகுப்பில், இருபத்தைந்து வயதில் நேர்முகத் தேர்வில், உன் பெயருக்கு என்ன பொருள் என்று யாராவது கேட்கும்போது, பெற்றோரின் துக்கத்தை விளக்காமல் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வழி இருக்கிறதா என்று பாருங்கள். அப்படி வழி இல்லாத பெயரை நான் பட்டியலிலிருந்து நீக்கிவிடுவேன்.

இதற்கும் அதே விவிலிய நூலில் ஒரு காட்சி உண்டு. பிரசவத்தில் உயிர் பிரியும் தறுவாயில் ராகேல் தன் மகனுக்குப் பெனோனி என்று பெயரிடுகிறாள். 'என் துயரத்தின் மகன்' என்பது அதன் பொருள். தந்தை யாக்கோபு அதை ஏற்காமல் பென்யமீன், அதாவது 'வலக்கையின் மகன்' என்று மாற்றிவிடுகிறார். மனைவியை இழந்த துக்கத்திலும் அந்த மனிதருக்கு இது தோன்றியிருக்கிறது.

வானவில்லையோ மழையையோ எப்படியாவது பெயரில் தொட வேண்டும் என்று விரும்புகிறவர்கள், இரண்டு வாசல் உள்ள பெயராகத் தேடலாம். ஏழிசை என்ற பெயர் எல்லாருக்கும் ஏழு சுரங்களைச் சொல்லும். உங்களுக்கு மட்டும் ஏழு நிறங்களையும் சேர்த்துச் சொல்லும். ஐரிஸ் என்பது கிரேக்கர்களின் வானவில் தேவதை. ஆனால் பெரும்பாலோருக்கு அது ஒரு பூவின் பெயர். முகிலன், மாரி போன்றவை தம் சொந்த அழகிலேயே நிற்பவை. பின்கதை தெரியாதவருக்கும் அவை குறையின்றி விளங்கும்.

வானவில் குழந்தைகளுக்கென்றே கவனிக்க வேண்டிய சில சொற்கள் இருக்கின்றன. பொதுவான பெயர்ப் புத்தகங்கள் இதைச் சொல்வதில்லை. ஆதி, முதல்வன் போன்றவை 'முதலாவது' என்ற பொருளைச் சுமப்பவை. மறைந்த குழந்தையையே மூத்ததாக எண்ணும் தாய்க்கு இவை நாள்பட உறுத்தலாம். அனன்யா என்பதற்கு 'வேறொருவர் இல்லாதவள்' என்பது நேர்ப்பொருள். ஒப்பற்றவள் என்ற அர்த்தத்தில்தான் எல்லாரும் வைக்கிறார்கள் என்றாலும், உங்கள் வீட்டில் வேறொருவர் இருந்தார். அமரன் என்றால் சாவில்லாதவன். ஆனால் இறந்தவர் பெயருக்கு முன்னால் அமரர் என்று போடுவதும் தமிழ் வழக்கம்தான். சிரஞ்சீவி, ஆயுஷ், ஜீவா என ஆயுளையும் உயிரையும் குறிக்கும் பெயர்கள் நல்ல பெயர்கள். அவற்றை விரும்பி வைப்பதில் பிழையில்லை. பயத்தினால் வைத்தால், ஒவ்வொரு முறை கூப்பிடும்போதும் அந்தப் பயத்தையும் சேர்த்தே கூப்பிட நேரும்.

இணையப் பட்டியல்கள் தரும் பொருளை அப்படியே நம்பவும் வேண்டாம். எந்த ஓசைக்கும் 'தேவதை', 'ஒளி', 'இறைவனின் பரிசு' என்று ஏதாவது ஒன்றை எழுதிவிடுகிறார்கள். பெயர் எந்த மொழிச் சொல்லோ அந்த மொழியின் அகராதியில் பார்த்தபின் முடிவு செய்யுங்கள்.

எப்போது முடிவெடுப்பது

ஒருமுறை இழந்தவர்களுக்குக் குழந்தை கையில் வரும்வரை பெயரைப் பற்றிப் பேசவே அஞ்சுவது இயல்பு. வேறு சிலர் நேரெதிராக, பெயர் வைத்துவிட்டால் குழந்தை தங்கிவிடும் என்பதுபோல மூன்றாம் மாதத்திலேயே முடிவு செய்துவிடுவார்கள். இரண்டையும் நான் குறை சொல்ல மாட்டேன். பேச்சே எடுக்காமல் விட்டு, பிரசவத்துக்கு மறுநாள் தூக்கமில்லாத கண்களோடு படிவத்தில் எதையோ நிரப்பிக் கொடுப்பதுதான் வருத்தத்தில் முடிகிறது. எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பதியர் அப்படி எழுதிக் கொடுத்த பெயரில் ஓர் எழுத்துப் பிழை நுழைந்து, அதைத் திருத்த அலைந்த அலைச்சல் கொஞ்சமல்ல.

நடுவழி இதுதான்: ஏழாம் மாதவாக்கில் மூன்று பெயர்களை மட்டும் ஒரு தாளில் எழுதி மடித்து வைத்துவிடுங்கள். அதுவரை வயிற்றில் இருக்கும் குழந்தையைக் கூப்பிட ஒரு தற்காலிகச் செல்லப் பெயர் போதும். முன்பு மூத்ததற்கு வழங்கிய செல்லப் பெயராக மட்டும் அது இருக்க வேண்டாம். குழந்தையைப் பார்த்தபின் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம். பெயரைப் பதிவு செய்ய எவ்வளவு அவகாசம் என்பது நாட்டுக்கு நாடு மாறும். இங்கிலாந்தில் பிறப்பை 42 நாட்களுக்குள் பதிய வேண்டும். இந்தியாவில் பெயரில்லாமலே பிறப்பைப் பதிந்துவிட்டு, பெயரைக் கட்டணமின்றி 12 மாதங்களுக்குள் சேர்க்கலாம். நீங்கள் வாழும் இடத்தின் விதியைப் பிரசவத்துக்கு முன்பே கேட்டு வைத்துக்கொண்டால் பாதி அவசரம் குறைந்துவிடும்.

இழப்பு நேர்ந்த தேதி, அந்தக் குழந்தை பிறந்திருக்க வேண்டிய தேதி ஆகியவற்றை ஒட்டிய நாட்களில் இறுதி முடிவு எதுவும் எடுக்காதீர்கள். அந்த வாரத்தில் பிடிக்கும் பெயர் அடுத்த மாதம் பிடிப்பதில்லை. பெயர்ப் பேச்சை எடுத்தாலே மூச்சு முட்டுகிறது, தூக்கம் வரவில்லை என்ற நிலை நீடித்தால், அதைப் பெயர்ப் பிரச்சினையாக எண்ணாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். இழப்புக்குப் பிறகான கர்ப்பத்தில் பதற்றம் மிகுவது அவர்கள் அன்றாடம் பார்ப்பதுதான்.

இருவர், இரண்டு வானவில்

சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்பவருக்கே வானவில் தெரியும். துளிகளுக்குள் புகுந்த ஒளி ஏறக்குறைய 42 பாகைக் கோணத்தில் திரும்பி அவரவர் கண்ணை அடைவதால், பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இருவர் காண்பதுகூட ஒரே வானவில் அன்று. வெவ்வேறு துளிகள் காட்டும் இரண்டு. கணவனும் மனைவியும் பெயர்ப்பட்டியலோடு உட்காரும்போது இதை நினைத்துக்கொள்ளலாம். ஒருவர் பழையதைப் பேசியே ஆற விரும்புவார். மற்றவர் பேசாமல் ஆற விரும்புவார். ஒருவருக்கு நினைவைத் தொடும் பெயர் வேண்டும். மற்றவருக்கு நினைவே படாத புதிய பெயர் வேண்டும். இருவரும் தனித்தனியாகப் பத்துப் பெயர் எழுதி, ஒருவர் பட்டியலில் மற்றவர் காரணம் சொல்லாமலே அடிக்கும் உரிமையை வைத்துக்கொள்வது எங்களுக்கு உதவியது. நான் மிகவும் விரும்பிய பெயரை என் கணவர் அடித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. நாலைந்து மாதம் கழித்து அவராகவே சொன்னார்: மகளை அடக்கம் செய்த அன்று உடன் நின்ற ஒருவருடைய பெயராம் அது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு பிள்ளை இருந்து, தம்பிக்கோ தங்கைக்கோ காத்திருந்து ஏமாந்திருந்தால், அந்தப் பிள்ளையிடமும் கருத்துக் கேளுங்கள். ஆனால் முடிவை அதன் தலையில் வைக்க வேண்டாம்; செல்லப் பெயரைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைக் கொடுத்தால் போதும்.

உறவினர்களிடம்

பெயர் முடிவாகும்வரை வெளியே சொல்லாதிருப்பதே மேல். இழப்பைப் பற்றிப் பேசத் தயங்குகிறவர்கள்கூடப் பெயரைப் பற்றித் தாராளமாகப் பேசுவார்கள். “போன பிள்ளைதானே திரும்பி வந்திருக்கு, அதே பெயரை வெச்சிடுங்களேன்” என்று அன்போடு சொல்லும் அத்தை ஒருவர் எந்தக் குடும்பத்திலும் இருப்பார். அவரோடு வாதாட வேண்டியதில்லை. “அந்தப் பேரு மூத்தவளோடது அத்தை, இவனுக்கு வேற பார்த்திருக்கோம்” என்ற ஒரு வாக்கியத்தை முன்கூட்டியே தயாராக வைத்திருங்கள். நான் அதைச் சொன்னபோது அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூத்தவளின் பெயர் என்ன என்று முதன்முறையாகக் கேட்டார்.

வழக்கமான சோதனைகள்

மற்ற குழந்தைகளுக்குப் பார்ப்பதை இந்தக் குழந்தைக்கும் பாருங்கள். துக்கத்தில் மூழ்கியவர்கள் மறப்பது இதைத்தான். பெயரை வாசலிலிருந்து உரக்கக் கூப்பிட்டுப் பாருங்கள். இனிஷியலோடு சேர்த்து எழுதிப் பாருங்கள். ழகரம் உள்ள பெயரென்றால் ஆங்கிலத்தில் எப்படி எழுதப் போகிறீர்கள் என்பதை இப்போதே முடிவு செய்து, எல்லாப் படிவத்திலும் அதே எழுத்துகளைப் பயன்படுத்துங்கள். பெயர் எப்படிச் சுருங்கும், சுருங்கினால் கேலிக்கு இடம் தருமா என்பதையும் ஒருமுறை யோசியுங்கள்.

பெயர் வைத்தபின்

ஏற்கெனவே வைத்துவிட்ட பெயரில் மனம் ஒப்பவில்லை என்றால், அதை மாற்றுவது குற்றமில்லை. குழந்தை தன் பெயரின் ஓசையை இனங்காணத் தொடங்குவது ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில்தான். அதற்குள் மாற்றினால் குழந்தைக்கு எந்தச் சிரமமும் இல்லை. அதிகாரப்பூர்வமாக மாற்ற இயலாவிட்டாலும், வீட்டில் வேறொரு பெயரால் கூப்பிடத் தொடங்கலாம். மூத்த குழந்தையின் பெயரையே வைத்துவிட்டவர்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் செய்யக்கூடிய இன்னொன்று, அந்தப் பெயரை இவனுக்கே விட்டுக்கொடுத்துவிட்டு, மூத்ததை வேறொரு செல்லப் பெயரால் நினைவுகூரத் தொடங்குவது.

பெயர் வைத்த கதையை இரண்டு வாக்கியத்தில் தயாராக வைத்திருங்கள். பிள்ளை கேட்கும் வயதில் திணறாமல் சொல்ல முடியும். உனக்கு முன்னால் ஓர் அக்கா இருந்தாள், அவளுக்கு ஒரு பெயர் இருந்தது. உனக்கு உன் பெயர். மூன்று வயதுக்கு இவ்வளவு போதும், மிச்சத்தை அவர்களே கேட்டுத் தெரிந்துகொள்வார்கள். எங்கள் மகனுக்கு இப்போது ஆறு வயது. அலமாரியில் இருந்த பழைய நோட்டைத் தானே எடுத்துப் பார்த்து, பென்சில் வட்டத்துக்குள் இருந்த பெயரை எழுத்துக் கூட்டிப் படித்து, “இது அக்காதானே?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். “என் பேரு எந்தப் பக்கத்துல இருக்கு?” என்றான். உன் பெயர் வேறு நோட்டில் இருக்கிறது என்று அதை எடுத்துக் கொடுத்தேன்.